மெய்நிகர் கண்ணாடியும் இசை பயிலும் கையும்

எங்கள் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு வரும் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கின்றனர். "தலையில் மாட்டிக்கொண்டு விளையாடும் விஆர் கருவியை வாங்கிக் கொடுத்தால், பிள்ளையின் கண்ணும் கையும் இன்னும் நன்றாக ஒத்துழைக்குமா? வயலினும் கீபோர்டும் சீக்கிரம் வசப்படுமா?" கை முறிவுக்குப் பின் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் பெற்றோர் மட்டுமின்றி, எவ்விதக் குறையும் இல்லாத பிள்ளைகளின் பெற்றோரும் இதைக் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானது. மெய்நிகர் கருவிகளை எங்கள் துறையிலேயே பயன்படுத்துகிறோம். அவற்றால் நன்மையும் கண்டிருக்கிறோம். ஆயினும் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை. அதற்குக் காரணம், ஒரு சிறுமியிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட பாடம். அவளுடைய குடும்பத்தாரின் இசைவுடன் அதை இங்கே எழுதுகிறோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.

ஏறிய மதிப்பெண், விலகிய சுருதி

அச்சிறுமிக்கு வயது 12. ஆறு ஆண்டுகளாகக் கர்நாடக இசை வயலின் பயின்று வந்தாள். மிதிவண்டியிலிருந்து விழுந்ததில் இடது முன்கையின் இரு எலும்புகளும் முறிந்தன. ஆறு வாரங்கள் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது எலும்பு நன்கு கூடியிருந்தது. ஆனால் மணிக்கட்டு விறைத்திருந்தது, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியவில்லை. வயலினின் கழுத்தை இடது கையால் பற்றி விரல்களைத் தந்திமேல் கொண்டுவர, முன்கை அவ்வாறு திரும்பியே ஆக வேண்டும். அந்தத் திருப்பம் இல்லையேல் வயலின் இல்லை.

வழக்கமான பயிற்சிகளைத் தொடங்கியதும் அவள் வலிக்கு அஞ்சிக் கையை இறுக்கிக்கொண்டாள். இயன்முறை சிகிச்சையாளர் கையைத் தொடும் முன்பே கண்ணில் நீர் கோத்துவிடும். ஆகவே மெய்நிகர் கருவியை அணிவித்தோம். அவள் கண்முன் ஒளிப்பந்துகள் மிதந்து வரும். உள்ளங்கையைத் திருப்பி அவற்றை ஏந்த வேண்டும். விளையாட்டில் மூழ்கிய சிறுமி அச்சத்தை மறந்தாள். மூன்று வாரங்களில் கையின் திருப்பமும் கூடியது, விளையாட்டின் மதிப்பெண்ணும் ஏறியது. எங்களுக்கு மகிழ்ச்சி. "கை தயாராகிவிட்டது, இனி வயலினை எடுக்கலாம்" என்று தாயாரிடம் கூறினோம்.

அடுத்த வருகையின்போது வயலின் ஆசிரியையும் உடன் வந்திருந்தார். சிறுமி தலைகுனிந்து அமர்ந்திருந்தாள். பல மாதங்களுக்கு முன்பே கைவந்த வர்ணத்தில்கூடச் சுருதி விலகுகிறது என்றும், அதனால் இரண்டு நாள்களாக வயலின் பெட்டியைத் திறக்கவே மறுக்கிறாள் என்றும் தாயார் தெரிவித்தார். ஆசிரியை அமைதியாக ஒன்றைச் சொன்னார்: "டாக்டர், முன்பெல்லாம் இவள் கேட்டு வாசிப்பாள். இப்போது விரலைப் பார்த்துப் பார்த்து வாசிக்கிறாள்."

எங்கள் பதிவேட்டில் கோணங்கள் இருந்தன, மதிப்பெண்கள் இருந்தன. இந்த ஒரு கவனிப்பு இல்லை. பல வாரங்கள் வாசிக்காதிருந்ததும், மூட்டுகளின் விறைப்பும் சுருதி விலகியதற்கு முதன்மைக் காரணங்கள். மெய்நிகர் விளையாட்டு அவளுக்குத் தீங்கு செய்யவில்லை. தவறு எங்கள் அளவுகோலில் இருந்தது. பந்தைப் பிடிக்கும் கை வேறு, தந்தியைத் தொடும் கை வேறு என்பதை நாங்கள் கருதாமல் விட்டுவிட்டோம்.

வாசிக்கும் கைக்கு வழிகாட்டுவது எது?

நாம் ஒரு தம்ளரை எடுக்கும்போது கண் அதன் இடத்தைக் காண்கிறது. மூளை கையை அவ்விடம் செலுத்துகிறது. கை விலகினால் கண் திருத்துகிறது. இதையே கண்–கை ஒத்திசைவு என்கிறோம். பந்து விளையாட்டு, எழுத்து, தையல் ஆகியவற்றில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

இசைக்கருவி வாசிப்பதில் நிலைமை சற்று வேறு. நொடிக்கு எட்டு ஸ்வரங்கள் ஒலிக்கும் வேகத்தில் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைக்கும் நேரம் 125 மில்லிநொடி மட்டுமே. கண்ணால் ஒன்றைக் கண்டு கையை அசைக்க ஏறத்தாழ 200 மில்லிநொடி தேவை. எனவே விரைவான பகுதிகளில் கண் பார்த்துத் திருத்த நேரமே கிடையாது. அடுத்தடுத்த அசைவுகளை மூளை முன்கூட்டியே தொகுத்து வைத்திருக்க வேண்டும். அத்தொகுப்பு சரியாக இருந்ததா என்பதை மூன்று சான்றுகள் மூளைக்குத் தெரிவிக்கின்றன: காதில் விழும் ஒலி, விரல் நுனியில் படும் தொடுவுணர்வு, கண்ணை மூடினாலும் கை எங்கே இருக்கிறது என்று தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் செய்தி. சிறுமூளை இவற்றை ஒப்பிட்டு, அடுத்த முறைக்கான அசைவைச் சிறிது சிறிதாகச் செப்பனிடுகிறது.

வீணையில் விரல் வைக்க வேண்டிய இடத்தை மெட்டுகள் காட்டும். வயலினில் அதுவும் இல்லை. வழுவழுப்பான பலகைமேல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சுருதி மாறும். கமகத்தில் விரல் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அங்கே வழிகாட்டி செவி ஒன்றே. மிருதங்கம் பயிலும் பிள்ளையின் கண் பெரும்பாலும் பாடகர்மீது இருக்கும்; தோலில் இருக்காது. மேற்கத்திய முறையில் தாளைப் பார்த்துப் பியானோ வாசிப்பவருக்குக் கண்ணின் பங்கு கூடுதல். எனினும் அவர் கண் கையைப் பார்ப்பதில்லை. கை வாசித்துக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சற்று முன்னே, அடுத்து வரும் குறிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்பயிற்சி மூளையிலேயே தடம் பதிக்கிறது. 1995இல் வெளியான ஓர் ஆய்வு, தந்தி வாத்தியக் கலைஞர்களின் மூளையில் இடது கை விரல்களின் தொடுவுணர்வுக்குரிய பரப்பு மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் காட்டியது. சிறுவயதிலேயே பயிலத் தொடங்கியவர்களிடம் அது மேலும் தெளிவாகத் தெரிந்தது. வில் பிடிக்கும் வலது கைக்கு அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. எந்த விரல் எதைப் பழகியதோ, அதற்கேற்பவே மூளை மாறுகிறது. இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவதன் சாரமும் இதுவே.

மெய்நிகர் பயிற்சி எங்கே வெல்கிறது?

மெய்நிகர் பயிற்சிக்கு உறுதியான சான்று உள்ள ஒரு துறை, துளைவழி அறுவை சிகிச்சை. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அறுவை சிகிச்சை பயிலும் மருத்துவர்கள் 16 பேர் பங்கேற்றனர். மெய்நிகர் கருவியில் முன்பயிற்சி பெற்றவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் பணியை 29 சதவீதம் விரைவாக முடித்தனர். தவறுகளும் அவர்களிடம் குறைவாக இருந்தன. காரணம் எளிது. அந்த அறுவை சிகிச்சையே திரையைப் பார்த்தவாறு கருவிகளை அசைக்கும் பணி. பயிற்சியும் பணியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன; ஆகவே கற்றது கைகொடுத்தது.

பக்கவாதத்துக்குப் பிந்தைய மறுவாழ்வில் மெய்நிகர் கருவியின் பயனைக் காக்ரேன் அமைப்பு தொகுத்து ஆராய்ந்துள்ளது. 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில் 72 ஆய்வுகளும் 2,470 நோயாளிகளும் இடம்பெற்றனர். கையின் செயல்திறனைப் பொறுத்தவரை, வழக்கமான சிகிச்சைக்கு மாற்றாக அளித்தபோது மெய்நிகர் பயிற்சி அதைவிட மேலானதாகத் தெரியவில்லை. வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக அளித்தபோது பயன் தென்பட்டது. அதாவது, நோயாளி மேலும் சிறிது நேரம் பயிற்சி செய்தார் என்பதே அப்பயனின் பெரும்பகுதியாக இருக்கலாம்.

சிறுவர்களிடம் நாங்கள் காண்பதும் இதுவே. வலிக்கு அஞ்சும் பிள்ளையை, சலிப்புற்ற பிள்ளையை, மீண்டும் மீண்டும் கையை அசைக்க வைக்கும் ஆற்றல் இக்கருவிக்கு உண்டு. மறுவாழ்வில் அது சிறிய உதவி அன்று.

இசைக்கு அது ஏன் அப்படியே பொருந்துவதில்லை?

முதலாவதாக, மெய்நிகர் பந்துக்கு எடை இல்லை, மெய்நிகர் தந்திக்கு இறுக்கம் இல்லை. கைப்பிடியின் அதிர்வு தொடுவுணர்வுக்கு ஈடாகாது. விரல் நுனி கற்க வேண்டிய பாடம் அங்கே நடத்தப்படுவதே இல்லை. மேலும், கை அசைவதற்கும் அதன் உருவம் கண்முன் அசைவதற்கும் இடையே மிகச் சிறிய தாமதம் இருக்கும். விளையாட்டில் அது தெரியாது; லயம் பயிலும் காதுக்கு அது பொருட்டாகும்.

இரண்டாவது, வழிகாட்டுதலைச் சார்ந்திருக்கும் பழக்கம். உண்மையான கீபோர்டின்மீது அடுத்து அழுத்த வேண்டிய கட்டையை ஒளியால் காட்டும் மெய்நிகர் செயலிகள் இப்போது உள்ளன. தொடக்கநிலைப் பிள்ளைக்கு அவை ஊக்கமளிக்கும். முதல் நாளிலேயே ஒரு பாட்டை வாசித்துவிட்ட மகிழ்ச்சி கிட்டும். ஆனால் அசைவுக் கல்வியை ஆராய்ந்தவர்கள் 1980களிலிருந்தே ஒன்றை எடுத்துக்காட்டி வருகின்றனர்: ஒவ்வோர் அசைவுக்கும் வெளியிலிருந்து வழிகாட்டுதல் கிடைத்துக்கொண்டே இருந்தால், பயிற்சியின்போது தவறு குறையும், வழிகாட்டுதலை நீக்கியதும் திறனும் குறையும். நடைவண்டியைப் பிடித்தே நடந்த குழந்தை, வண்டியை எடுத்ததும் தடுமாறுவது போன்றது இது. தவறிழைத்து, அதைத் தானே கேட்டுணர்ந்து, தானே திருத்தும் வாய்ப்பைப் பிள்ளைக்கு அளித்தே ஆக வேண்டும்.

விரலைச் சீக்கிரம் பழக்கிவிடக் கருவி தேடும் ஆசை புதிதன்று. ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் 1830களின் தொடக்கத்தில், பியானோ கலைஞராகும் கனவில், விரலைப் பழக்க ஓர் இயந்திர அமைப்பைப் பயன்படுத்தினார். அவருடைய வலது கை விரல் செயல் குன்றியது. மேடைக் கனவைக் கைவிட்டார். அக்கருவிதான் காரணமா என்பதில் மருத்துவர்கள் இன்றும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. எனினும் அவசரத்தின் விலையை எண்ணிப் பார்க்க அவர் வரலாறு உதவும்.

செலவில்லாத மெய்நிகர் பயிற்சி

கண்ணாடி அணியும் கருவிகள் பரவலாவதற்கு முன்பே, நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டு இத்தகைய சிகிச்சையைச் செய்து காட்டினார். தமிழகத்தில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். கை இழந்தவர், இருக்கும் கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் கண்டு, இழந்த கை அசைவதாக உணர்ந்தபோது, இல்லாத கையில் தோன்றிய வலி சிலருக்குத் தணிந்தது. கண்ணாடிச் சிகிச்சை இன்று பல மறுவாழ்வுத் துறைகளில் வழக்கமாகியுள்ளது.

இதனினும் எளிய ஒன்று, மனப்பயிற்சி. அல்வாரோ பாஸ்குவல்-லியோன் என்னும் நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், பியானோ பயிலாதவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் என ஐந்து நாள்கள் ஒரு விரற்பயிற்சியைச் செய்தனர். ஒரு பிரிவினர் உண்மையாக வாசித்தனர். மற்றொரு பிரிவினர் கையை அசைக்காமல் மனத்திலேயே வாசித்தனர். மூளையில் விரல்களை இயக்கும் பரப்பு இரு பிரிவினரிடமும் விரிந்தது. வாசிப்புத் திறனில் உண்மையாக வாசித்தவர்களே மேலோங்கினர்; ஆனால் மனத்தில் வாசித்தவர்களும் முன்னேறினர்.

கட்டுப்போட்ட கையுடன் வீட்டில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! கை ஓய்வெடுக்கும் வாரங்களிலும் இசை ஓய்வெடுக்க வேண்டியதில்லை.

அச்சிறுமிக்கு நாங்கள் செய்தது

ஆசிரியையுடன் அமர்ந்து திட்டத்தை மாற்றினோம். மெய்நிகர் விளையாட்டை நிறுத்தவில்லை. முன்கைத் திருப்பத்துக்காக மட்டும், வாரம் இருமுறை, பதினைந்து நிமிடங்கள் என வரையறுத்தோம். மதிப்பெண்ணை அவளிடம் கூறுவதை நிறுத்தினோம்.

வயலினுக்கு வேறு பாடம் வகுத்தோம். முதலில் தம்புரா ஒலியை வைத்துக்கொண்டு, கையை மடியில் வைத்து, கண்ணை மூடி, ஸ்வரங்களை வாய்விட்டுப் பாடியவாறே விரல்கள் தந்தியில் செல்வதை மனத்தில் காண்பாள். பிறகு வயலினை எடுத்து ஐந்து நிமிடம் மட்டும், கண்ணை மூடியே, மெதுவாக வாசிப்பாள். ஒரு ஸ்வரம் விலகினால் ஆசிரியை விரலைத் தொட்டுத் திருத்த மாட்டார். அவளே கேட்டு நகர்த்தும் வரை காத்திருப்பார். ஐந்து நிமிடம் பத்தானது, பத்து இருபதானது. இடையிடையே ஓய்வு. எங்கள் அறையில் நடக்க வேண்டிய சிகிச்சையின் பாதி அந்த ஆசிரியையின் வீட்டுக் கூடத்தில் நடந்தது என்பதைச் சொல்லிக்கொள்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

நான்கு மாதங்களுக்குப் பிறகு, பள்ளி விழாவில் அதே வர்ணத்தை இரண்டு காலங்களில் வாசித்தாள். முன்கையின் திருப்பத்தில் சில பாகைகள் இன்றும் குறைவாகவே உள்ளன. நீண்ட நேரம் வாசித்தால் மணிக்கட்டு களைத்துவிடுகிறது. அதற்கேற்ப வயலினை வைத்துக்கொள்ளும் விதத்தை ஆசிரியை சற்று மாற்றிக் கொடுத்துள்ளார். முழுமையாகப் பழைய நிலை திரும்பியது என்று நாங்கள் கூற மாட்டோம். ஆனால் அவள் மீண்டும் கேட்டு வாசிக்கிறாள்.

வீட்டில் மெய்நிகர் கருவி இருந்தால்

கருவியை வாங்க வேண்டும் என்று நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே இருப்பின் கீழ்க்காண்பவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

• தயாரிப்பாளர்களே 10 அல்லது 12 வயதைக் கீழ்வரம்பாகக் குறிப்பிடுகின்றனர். அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

• கருவியின் எடை ஏறத்தாழ அரைக் கிலோ. சிறுவர்களின் கழுத்துக்கு அது சுமை. ஒரு தடவைக்கு பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் போதும், அமர்ந்தே பயன்படுத்தட்டும்.

• திரை கண்ணருகே இருக்க, காட்சிகள் தொலைவிலும் அருகிலும் தோன்றுவதால் கண்கள் களைப்படையலாம். தலைச்சுற்றல், குமட்டல், இரட்டைப் பார்வை, தலைவலி இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே கழற்றிவிடுங்கள். முற்றிலும் தெளியும் வரை மிதிவண்டி ஓட்ட விடாதீர்கள்.

• வலிப்பு நோய், மாறுகண், அண்மையில் தலையில் அடிபட்டது ஆகியவை இருப்பின் மருத்துவரைக் கேட்காமல் அணிவிக்காதீர்கள்.

• மெய்நிகர் விளையாட்டின் நேரத்தை இசைப் பயிற்சி நேரத்திலிருந்து எடுக்காதீர்கள். வழிகாட்டும் ஒளியுடன் ஒரு முறை வாசித்தால், ஒளியின்றி இரு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.

• இரவுத் தூக்கத்தைக் குறைத்துப் பயிற்சி வேண்டாம். பகலில் பழகிய விரலசைவுகளை மூளை உறக்கத்திலும் உறுதிப்படுத்திக்கொள்கிறது.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

வாசித்து முடித்த பின்னும் நீடிக்கும் வலி, இரவில் எழுப்பும் வலி, விரல்களில் மரமரப்பு, பிடி தளர்ந்து பொருள்கள் நழுவுதல், வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாக மடங்குதல் அல்லது விறைத்தல். இவற்றுள் எதைக் கண்டாலும் "இன்னும் நன்றாகப் பயிற்சி செய்" என்று வற்புறுத்தாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். தேர்வோ அரங்கேற்றமோ நெருங்கும் வாரங்களில் பயிற்சி நேரத்தைத் திடீரென இருமடங்காக்குவதே இத்தகைய தொல்லைகளுக்கு நாங்கள் அடிக்கடி காணும் காரணம்.

வரும்போது இசைக்கருவியையும் எடுத்து வாருங்கள். இயலுமாயின் ஆசிரியரையும் அழைத்து வாருங்கள். பிள்ளை வாசிப்பதைப் பார்க்காமல் கையை மட்டும் சோதித்து அனுப்பும் வழக்கத்தை எங்கள் துறையில் கைவிட்டுவிட்டோம். இப்போது எங்கள் சோதனை அறையின் ஒரு மூலையில் பாய் ஒன்றும் சுருதிப்பெட்டி ஒன்றும் உள்ளன. பிள்ளை அமர்ந்து வாசிக்கும் அந்தச் சில நிமிடங்களில் நாங்கள் முதலில் கேட்கிறோம்; பிறகே அளக்கிறோம்.